குடும்பநல ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

8 ஜூன் 2024, இரவு 10.42 (வாசகர் கேள்வி)

கல்யாணமாகி ஏழு வருஷம். ஒரு பையன். "கவுன்சிலிங் போகலாம், இல்லையென்றால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன்" என்கிறாள் மனைவி. கரூரில் விசாரித்ததில் நாலு போர்டு கண்ணில் பட்டது. ஒருவர் சைக்காலஜிஸ்ட், ஒருவர் லைஃப் கோச், ஒருவர் ஹிப்னோதெரபி, ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யாரிடம் போவது? ஆணா, பெண்ணா? என்னைக் கேட்டால் எல்லாரும் கடைசியில் சொல்லப்போவது "விட்டுக்கொடுத்துப் போங்க" என்பதுதான். அதை என் பெரியப்பாவே சும்மா சொல்வார். காசு கொடுத்துக் கேட்க அதில் என்ன இருக்கிறது?

8 ஜூன் 2024, இரவு 11.35

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். "விட்டுக்கொடுத்துப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். நானும் மனைவியும் அப்படி ஒருவரிடம் போய்விட்டு வந்து, ஒன்றரை வருஷம் கவுன்சிலிங் என்ற பேச்சையே எடுக்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். இப்போதுதான் கடை சாத்திவிட்டு வந்தேன், மீதி நாளைக்கு.

ஒன்று மட்டும் இப்போதே. உங்கள் மனைவி "போகலாம்" என்று உங்களையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிடுகிற காலத்திலேயே போய்விடுங்கள். நான் அதைத் தள்ளிப்போட்டவன்.

9 ஜூன் 2024, காலை 6.50

போர்டுகளைப் பற்றி. கவுன்சிலர், லைஃப் கோச், ஹிப்னோதெரபிஸ்ட் என்றெல்லாம் நம் ஊரில் யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்ளலாம். படித்தவரும் மாட்டுகிறார், இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தவரும் மாட்டுகிறார். அதனால் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், பெரும்பாலும் எம்.ஃபில். முடித்தவர், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். 1992ஆம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட அமைப்பு அது. பதிவு எண்ணைக் கேட்டால் சொல்வார், இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர் வேண்டாம். எண் இல்லையென்றால் அந்தப் படியே ஏறாதீர்கள்.

பெயருக்கு முன்னால் "டாக்டர்" இருந்தால் எதில் டாக்டர் என்று கேளுங்கள். வேறு ஏதோ துறையில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவரும் டாக்டர்தான்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அத்தை பையன், "மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபிஸ்ட் என்று லைசென்ஸ் வைத்திருப்பவராகப் பார், மற்றவரிடம் போகாதே" என்று அப்போது திரும்பத் திரும்பச் சொன்னான். திருச்சி முழுக்கத் தேடினேன். அப்புறம்தான் புரிந்தது. அமெரிக்காவில் அதற்கென்று தனி லைசென்ஸ் உண்டு. கலிஃபோர்னியா 1963லேயே கொண்டுவந்துவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரு தனி லைசென்ஸ் கிடையாது. இங்கே தம்பதிகளைப் பார்க்கிறவர் உளவியலாளராகவோ, மனநல சமூகப் பணியாளராகவோ, டாக்டராகவோ இருப்பார். தம்பதிகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் பயிற்சி அவருக்கு இருக்கிறதா என்பதை நாம்தான் வாய்விட்டுக் கேட்கவேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மோட்டார் ரீவைண்டிங் செய்ய ஆள் தேடும்போது எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்?

9 ஜூன் 2024, பகல் 2.15

காலையில் அவசரத்தில் எழுதியதில் ஒரு தப்பு. "எண் இல்லையென்றால் படியேறாதீர்கள்" என்பதை அழித்துவிட்டுப் படியுங்கள்.

எங்கள் வீட்டை நிமிர்த்திய ஆலோசகர் அம்மாவுக்கே ஆர்.சி.ஐ. எண் கிடையாது. அவர் மனநல சமூகப் பணியில் எம்.ஃபில். முடித்தவர். அந்தப் படிப்புக்காரர்கள் அந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் மனநல சமூகப் பணியாளர், உளவியலாளர் ஆகியோரின் பெயரெல்லாம் பட்டியலில் இருக்கிறது. ஆகவே தன்னைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறவரிடம் எண்ணைக் கேளுங்கள். மற்றவர்களிடம் என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார், யார் மேற்பார்வையில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள்.

10 ஜூன் 2024, இரவு 11.10

"மூன்று பேரைப் பார்த்தீர்களாமே, கதையைச் சொல்லுங்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

எனக்குத் திருவரங்கம். எலெக்ட்ரிக்கல் சாமான் கடை. மனைவி நாகர்கோவில் பக்கம், தனியார் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகிப் பன்னிரண்டாவது வருஷத்தில்தான் முதல் ஆளிடம் போனோம். என் மாமாவுக்கு வேண்டியவர், வயதானவர், ஊரில் மரியாதை உள்ளவர். பெரிய மேஜை. என்னை எதிரில் உட்காரச் சொன்னார். அவளுக்குப் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான் அரை மணி நேரம் பேசினேன். அவள் பேச ஆரம்பித்து நாலாவது வாக்கியத்தில், "அம்மா, பொம்பளைங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போனாத்தான் குடும்பம்" என்றார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். நியாயம் என் பக்கம் என்று ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டார் அல்லவா. வண்டியில் திரும்பும்போது அவள் என் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது ஒரு மனநல டாக்டர். கூட்டம் அதிகம். அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பத்து நிமிஷத்துக்குள் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூக்கம் வராதது உண்மைதான், மாத்திரையும் கேட்டது. ஆனால் தூக்கம் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். நாங்கள்தான் தம்பதியாகப் பேசவேண்டும் என்று சொல்லாமல் போய் உட்கார்ந்தோம்.

மூன்றாவதை அவளே தேடிப் பிடித்தாள். தில்லை நகரில் ஒரு மாடி. மேஜை கிடையாது; ஒரே உயரத்தில் மூன்று நாற்காலி. "ரெண்டு பேருக்கும் என்ன பிரச்சனை" என்று அந்த அம்மா கேட்கவே இல்லை. "கடைசியா எப்ப மனசு கஷ்டமாச்சு? அப்ப வீட்டுல யார் எந்த இடத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்க?" என்றார்.

நான் சொன்னேன்: தினம் ராத்திரி எட்டரைக்குப் புதுக்கோட்டையிலிருந்து என் அம்மா போன் பண்ணுவாள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாகப் பேசுவாள், நான் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போவேன். "நீங்க எங்க இருப்பீங்க?" என்று என் மனைவியைக் கேட்டார். "அடுக்களையில. குழாயத் தொறந்து விட்டுருவேன்" என்றாள். "பாத்திரம் கழுவவா?" "இல்ல. அவங்க என்னப் பத்திப் பேசுறது காதுல விழக்கூடாதுன்னு."

இத்தனை வருஷம் அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். பாத்திரம் கழுவுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், காத்திருந்தார். முதல் ஆள் நாலு வாக்கியம்கூடக் கேட்க மாட்டாமல் விட்டது இதைத்தான். எனக்குத் தெரிந்து ஆலோசகரைத் தேர்ந்தெடுக்க இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை. முதல் நாள் வெளியே வரும்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள், கூட வந்தவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவருக்கும் தன்னைக் கேட்டார்கள் என்று தோன்றியிருந்தால் அடுத்த வாரமும் போகலாம்.

11 ஜூன் 2024, காலை 7.05

ஆணா பெண்ணா என்றும் கேட்டிருந்தீர்கள். பெண் ஆலோசகரிடம் போங்கள் என்றுதான் நேற்று எழுத இருந்தேன். யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு உதவியது அது இல்லை, பேச்சுதான். முதல் ஆளிடம் அவள் புத்தகத் தமிழில் தயங்கித் தயங்கிப் பேசினாள். மூன்றாவது இடத்தில் அவளுடைய நாகர்கோவில் பேச்சு தானாக வந்தது, அந்த அம்மா ஓரிடத்திலும் நிறுத்தி "என்ன?" என்று கேட்கவில்லை. அழும்போது எந்தப் பேச்சு வருகிறதோ அந்தப் பேச்சு தெரிந்தவராகப் பாருங்கள். ஆன்லைனில் பெரிய ஊர்க்காரர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள், நல்லவர்களும் உண்டு. ஆனால் பாதி ஆங்கிலத்தில் போய்விட்டால் இருவரில் ஆங்கிலம் நன்றாக வருகிறவர் கை ஓங்கிவிடும்.

சொந்தச் சாதிக்காரராக இருந்தால் வசதி என்கிறார் இன்னொருவர். வேண்டாம். அடுத்த கல்யாண வீட்டில் அவரைப் பார்க்க நேரும்.

11 ஜூன் 2024, இரவு 9.30

ஒரு சகோதரி தனி மடலில் எழுதியிருக்கிறார். விவரம் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாரும் படிக்கவேண்டிய விஷயம் இது.

வீட்டில் அடி இருந்தால், அல்லது பயம் இருந்தால், சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஆலோசனை முதல் வழி இல்லை. உள்ளே மனசைத் திறந்து சொன்னதற்கு வீட்டுக்குப் போனதும் அடி விழும். நல்ல ஆலோசகர் ஆரம்பத்திலேயே இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "வீட்டில் பயமாக இருக்கிறதா" என்று கேட்பார். எங்களையும் கேட்டார். எனக்கு அது அவமானமாகப் பட்டது, இப்போது நன்றி சொல்கிறேன். தெரிந்தும் "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கும்" என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

181 பெண்கள் உதவி எண். 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் உண்டு, மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவதையும் கவுன்சிலிங் என்றே சொல்கிறார்கள். அது சமரசப் பேச்சு. அதன் இடம் வேறு, ஆலோசகர் அறையில் நடப்பது வேறு. சகோதரி, உங்களுக்கு மடல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

12 ஜூன் 2024, பகல் 3.40

போனில் என்ன கேட்பது என்கிறார் கேள்வி போட்டவர். மூன்றாவது இடத்துக்கு போன் செய்தபோது என் மனைவி ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டாள். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கணவன் மனைவியைச் சேர்த்துப் பார்ப்பீர்களா, தனியாகவா? நான் தனியாக உங்களிடம் சொல்வதை அவரிடம் சொல்வீர்களா? (இதுதான் முக்கியமான கேள்வி. சிலர் எதையும் சொல்லமாட்டேன் என்பார்கள். சிலர், இருவருக்கும் சம்பந்தப்பட்ட ரகசியத்தை வைத்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியாது, நீங்களே சொல்ல உதவுகிறேன் என்பார்கள். இரண்டும் சரி. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.) எத்தனை முறை வந்தபிறகு "இது உதவுகிறதா" என்று திரும்பிப் பார்ப்போம்? ஒரு முறைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்? வரமுடியாமல் போனால் பணம் போய்விடுமா? நாங்கள் பிரிவதுதான் நல்லது என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்வியைத் தாளில் அடித்திருக்கிறாள். அப்புறம் மறுபடி எழுதியிருக்கிறாள்.

அந்த அம்மா சொன்ன பதில்: "அத முடிவு பண்றது நீங்க ரெண்டு பேரும். நிதானமா முடிவு பண்ண நான் கூட இருப்பேன்." எத்தனை முறை என்றதற்கு ஆறு முறை வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார். ஒரு முறைக்கு ஒரு மணி நேரம், ஆயிரத்து இருநூறு ரூபாய். மூன்று முறையில் சரி செய்துவிடுவேன் என்று ஒருவர் உத்தரவாதம் கொடுத்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். முப்பது முறைக்குப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னாலும் அப்படியே.

பணம் கஷ்டம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். போனில் பேச 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், தமிழில் பேசலாம். முழு ஆலோசனை அதிலேயே முடியாது. எங்கே போவது என்று கேட்டுக்கொள்ள உதவும்.

13 ஜூன் 2024, இரவு 10.20

"குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின், மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடத் தங்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். நான் காலேஜ் படிக்கும்போது சித்தப்பாவோடு சித்தி அங்கே தங்கியிருந்தாள். பார்க்கப் போனபோது சின்ன அறை, ஸ்டவ், பக்கத்து அறைக்காரர்களோடு சேர்ந்து சமையல். "டாக்டர் எங்கிட்டயும் பேசுறாருடா, அவரு எப்படி இருக்காருன்னு மட்டும் கேக்கல, நீ எப்படி இருக்கேன்னும் கேக்கிறாரு" என்றாள். அதை என்னிடம் அவள் ஆச்சரியமாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவ நிறுவனத்தில் குடும்பத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்ததிலும் நமக்கு உதவுவது உண்டு. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளைப் பேசவைத்துப் படம் பிடித்து, வருஷக்கணக்கில் அவர்கள் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தார். நாலு விஷயம் கல்யாணத்தை அரித்துவிடும் என்றார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், தன் மேல் தப்பே இல்லை என்று மல்லுக்கு நிற்பது, வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடுவது. நாலில் மோசமானது இளக்காரம் என்பது அவர் முடிவு. எங்கள் ஆலோசகர் இதைச் சொன்னபோது நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நாலாவது என்னுடையது. கோபம் வந்தால் பால்கனிக்குப் போய் நிற்கிறவன் நான். சண்டை போடாமல் இருப்பது பெரிய குணம் என்று நினைத்திருந்தேன்.

15 ஜூன் 2024, மாலை 6.00

மனைவி இந்த இழை முழுவதையும் படித்துவிட்டாள். இரண்டு திருத்தம் சொன்னாள், அப்படியே போடுகிறேன்.

ஒன்று: மூன்றாவது ஆளை அவள் "தேடிப் பிடித்தாள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அவள் ஏழு பேருக்கு போன் செய்தாளாம். இருவர் எடுக்கவில்லை, ஒருவர் "ஹஸ்பண்டைப் பேசச் சொல்லுங்கம்மா" என்றாராம். பள்ளிக்கூட இடைவேளையில் மாடிப்படியில் நின்று பேசியிருக்கிறாள். எனக்கு இது இன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டு: என் அம்மா கெட்டவள் என்பதுபோல் எழுதிவிட்டேனாம். அப்படி இல்லை என்று எழுதச் சொன்னாள். அம்மா பேசியதைவிட, நான் பதில் சொல்லாமல் "ம்" கொட்டிக்கொண்டிருந்ததுதான் அவளுக்கு வலித்ததாம். குழாயைத் திறந்தது அந்த "ம்" கேட்காமல் இருக்க.

17 ஜூன் 2024, இரவு 10.05

கோர்ட்டில் நடக்கும் கவுன்சிலிங் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1984ஆம் வருஷக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, முடிந்தவரை சமாதானத்துக்கு முயற்சி செய்வது நீதிமன்றத்தின் கடமை. அதற்காக அங்கே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வழக்கு போட்ட பிறகு நடப்பது அது, ஆளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. என் நண்பர் ஒருவர் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தார். மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்கவேண்டும் என்று சட்டம். தகுந்த வழக்கில் அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவரும் மனைவியும் அந்த ஆறு மாதமும் வெளியில் ஓர் ஆலோசகரிடம் போனார்கள். சேரவில்லை. ஆனால் குழந்தை யாரோடு எந்த நாள் என்பதைச் சண்டையில்லாமல் பேசி முடித்தார்கள். இப்போது இருவருமே பள்ளி ஆண்டுவிழாவுக்கு வருகிறார்கள். ஆலோசனை தோற்றுவிட்டது என்று அதை நான் சொல்லமாட்டேன்.

20 ஜூன் 2024, இரவு 9.50

கேள்வி போட்டவர் எழுதியிருக்கிறார்: திருச்சியில் ஒருவரிடம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் வாங்கிவிட்டார்களாம், போன் செய்தது மனைவியாம். மனசு நிறைந்துவிட்டது.

பையனை யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள். உறவுக்காரரிடம் விட்டால் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். நாங்கள் எதிர்வீட்டு அக்காவிடம் கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போவோம். நாலாவது வாரம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டு வைத்திருந்தார்.

அப்புறம் ஒன்று. வெளியே வந்ததும் "அதை ஏன் அவரிடம் சொன்னாய்" என்று ஆரம்பிக்காதீர்கள். எங்களுக்குக் காவிரிப் பாலம்தான் எல்லை. தில்லை நகரிலிருந்து பாலம் தாண்டும்வரை அந்தப் பேச்சு கிடையாது. சில நாள் பாலம் தாண்டியும் பேசாமல், மாம்பழச்சாலையில் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். உங்களுக்குப் பஸ்ஸில் நீண்ட தூரம். குளித்தலை தாண்டட்டும்.